வெள்ளிக்கிழமைதோறும் கழுவிய ஷூ

மினாகுச்சி சென்செய் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போகமாட்டார். வாசலுக்குள் நுழைந்ததும் பிள்ளைகளின் ஷூ அலமாரி இருக்கும். அதன் முன்னால் போய் நிற்பார். ஐந்து நிமிடம், சில நாள் பத்து நிமிடம்.

சென்செய் என்றால் ஜப்பானில் ஆசிரியர். அவர் குழந்தைகளின் மனதைப் படித்தவர். கடல் கடந்து போய்ப் படித்துவிட்டு முப்பத்திரண்டு வயதில் ஊர் திரும்பினார். பிள்ளைகளின் மனதைப் பார்க்க ஆஸ்பத்திரியில் ஆள் இருந்தால் போதாது, பள்ளிக்கூடத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்றார். கல்வி அதிகாரிகள் சிரித்தார்கள். "எங்கள் பிள்ளைகளுக்கு என்ன பைத்தியமா?" என்று ஒருவர் கேட்டார். சென்செய் அடுத்த மாதமும் அதே அதிகாரியின் அறைக்குப் போனார். அதற்கடுத்த மாதமும் போனார். முப்பது வருடம் அப்படிப் போய்ப் போய்த்தான் பல பள்ளிகளில் மனநல ஆலோசகர் என்று ஓர் ஆளுக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. அந்த நாற்காலியில் உட்கார வேண்டியவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான்.

ஆனாலும் அதிகாரிகளுக்கு நடுவே அவருக்கு 'ஷூ டாக்டர் அம்மா' என்றுதான் பெயர்.

தொகுரா அவரிடம் படித்தவர். பதினைந்து வருடம் விஞ்ஞானப் பாடம் நடத்தியவர், நாற்பது வயதில் வேலையை விட்டுவிட்டு இந்தப் படிப்புக்கு வந்தார். இப்போது வடக்கே, பனி கொட்டும் ஒரு துறைமுக ஊரின் தொடக்கப் பள்ளியில் ஆலோசகர். வாரத்தில் புதன்கிழமை மட்டும் வேலை.

பிப்ரவரி மாதத்தில் ஒரு நாள் தொகுரா சென்செய்க்கு ஃபோன் செய்தார்.

"ஒரு பெண் பிள்ளை. ஆறாம் வகுப்பு. என்னால் முடியவில்லை, சென்செய்."

"சாப்பிட்டாயா?" என்றார் சென்செய்.

"இல்லை."

"முதலில் சாப்பிடு. புதன்கிழமை வருகிறேன்."

*

அந்தப் பெண்ணின் பெயர் நகிசா. மே மாதம் விளையாட்டு விழா ஒத்திகையில் தொடர் ஓட்டக் கட்டையைக் கீழே போட்டுவிட்டாள். அவளுடைய வகுப்பு தோற்றது. இரண்டு பையன்கள் ஒரு வாரம் கேலி செய்தார்கள். பிறகு அவளுக்குக் காலையில் வயிறு வலித்தது. ஜூன் மாதத்திலிருந்து பள்ளிக்கு வரவில்லை.

தொகுரா சும்மா இருக்கவில்லை. பையன்களோடு பேசினார். அவர்கள் போய் மன்னிப்புக் கேட்டார்கள். புதன்கிழமைதோறும் நகிசாவின் வீட்டுக்குப் போய்க் கறுப்பு வெள்ளைக் காய் வைத்து அவளோடு விளையாடினார். முதலில் கதவுக்குப் பின்னால் இருந்தவள் பிறகு கதவைத் திறந்தாள். டிசம்பரில் சிரித்தாள். வயிற்று வலியும் நின்றுவிட்டது.

வகுப்பும் சும்மா இருக்கவில்லை. அந்த ஊர்ப் பள்ளிகளில் வெளியே போட்ட ஷூவை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போட ஒரு வெள்ளைத் துணி ஷூவை மாட்டிக்கொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமை அதை வீட்டுக்கு எடுத்துப்போய்க் கழுவி, திங்கட்கிழமை பையில் போட்டுக் கொண்டுவர வேண்டும். நகிசாவின் ஷூ அலமாரியிலேயே இருந்தது. பக்கத்து இருக்கைக்காரி சியோரி அதை வெள்ளிக்கிழமைதோறும் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவினாள். எட்டு மாதத்தில் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. ஊர்ச் செய்தித்தாளில்கூட அதைப் பற்றி நாலு வரி வந்தது.

ஜனவரி கடைசியில் ஒரு காலை நகிசா வந்தாள். மாடி ஜன்னலில் வகுப்பே நின்று கையாட்டியது. நகிசா அலமாரி வரைக்கும் போனாள். அங்கே கொஞ்ச நேரம் குனிந்து நின்றாள். பிறகு திரும்பிப் போய்விட்டாள். அதற்கப்புறம் புதன்கிழமைகளில் விளையாட்டு நடந்தது, ஆனால் சிரிப்பு இல்லை.

'பதற்றத்தால் வாசலிலிருந்து திரும்பினாள்' என்று தொகுரா அறிக்கை எழுதினார்.

*

புதன்கிழமை சென்செய் வந்தார். தலையிலும் தோளிலும் பனி. தலைமையாசிரியர் கசாய் வாசலுக்கே ஓடிவந்தார்.

"உள்ளே வாருங்கள், சென்செய். டீ சூடாக இருக்கிறது. விருந்தாளிகளுக்கான சப்பல் இதோ."

"நான் கொண்டுவந்திருக்கிறேன்" என்று சென்செய் துணிப்பையிலிருந்து தன் உள்ஷூவை எடுத்து மாட்டிக்கொண்டார். "அந்தச் சப்பல் பெரிசு. போட்டு நடந்தால் பள்ளிக்கூடம் முழுக்க டபடபவென்று கேட்கும். யார் வருகிறார் என்று பிள்ளைகளெல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள்."

பிறகு அலமாரி முன்னால் போய் நின்றார்.

கசாய் தொகுராவைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார். கேட்டது உண்மைதான் போலிருக்கிறதே என்கிற மாதிரி.

"ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் பட்டமளிப்புக்கு இன்னும் இருபத்தாறு நாள்தான், சென்செய்" என்றார் கசாய். "இந்த வாசலைத் தாண்டாமலே அந்தப் பெண் நடுநிலைப் பள்ளிக்குப் போனால் அங்கேயும் இதே கதைதான் ஆகும். எனக்கு ராத்தூக்கம் இல்லை."

"நீங்கள் போய் டீ குடியுங்கள். நாங்கள் வருகிறோம்."

கசாய் போனதும் தொகுரா ஒரு கோப்பைத் திறந்தார். உள்ளே நகிசாவைப் பற்றிய எல்லாம் இருந்தது. மூன்று பரிசோதனைகள், அம்மா சொன்னது, அப்பா சொன்னது, அவள் வரைந்த படங்கள். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். சென்செய் கேட்டுக்கொண்டே ஷூக்களைப் பார்த்தார்.

"இதுவா அவளுடையது?"

"ஆமாம்."

நீலநிற முனை வைத்த வெள்ளை ஷூ. வெளுத்து வெளுத்துத் துணி மெலிந்திருந்தது. பக்கத்திலே சின்னச் சீட்டு: 'நகிசா, காத்திருக்கிறோம்.'

"அவள் காலளவு என்ன?" என்றார் சென்செய்.

தொகுரா ஷூவைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார். "இருபத்திரண்டு சென்டிமீட்டர்."

"அது ஷூவின் அளவு."

தொகுராவுக்குப் புரியவில்லை.

"பக்கத்து ஷூவை எடு. சியோரியுடையதை. அளவைப் படி."

"இருபத்து மூன்றரை."

"அதற்கு அடுத்தது?"

"இருபத்து நாலு."

"அடுத்தது?"

"இருபத்து மூன்று... இது இருபத்து மூன்றரை... இருபத்து நாலரை..."

தொகுரா நிறுத்திவிட்டார். கையில் யாருடைய ஷூவோ இருந்தது. அதை அதன் இடத்தில் வைக்க மறந்துவிட்டார். அலமாரிக்கு மேலே சுவரில் பிள்ளைகள் வரைந்த படம் ஒன்று ஒட்டியிருந்தது. 'குதிகாலை மிதித்துப் போடாதே!' என்று ஒரு ஷூ அழுதுகொண்டிருந்தது.

"ஏப்ரலில் வாங்கிய ஷூ" என்றார் மெதுவாக. "பத்து மாதம்."

கையிலிருந்த ஷூவை அதன் இடத்தில் வைத்தார்.

"நான் இந்த அலமாரியைத் தாண்டித்தான் வாரா வாரம் உள்ளே போகிறேன். இத்தனை படித்தேன். எப்படி என் கண்ணில் படாமல் போனது?"

சென்செய் அங்கிருந்த மரப்பெட்டியில் உட்கார்ந்தார்.

"நான் ஊர் திரும்பிய முதல் வருடம்" என்றார், "ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு அறை கொடுத்தார்கள். துடைப்பமும் வாளியும் வைக்கிற அறை. ஜனவரி மாதம். ஒரு பையனை உட்காரவைத்துப் பதினோரு பரிசோதனை செய்தேன். எழுதச் சொன்னால் மெதுவாக எழுதினான். படம் போடச் சொன்னால் கோடு கோணலாகப் போனது. மந்தமான பிள்ளை என்று நாற்பது பக்கம் எழுதிக் கொடுத்தேன்."

"பிறகு?"

"பள்ளிக்கூடம் பெருக்குகிற அம்மா ஒரு நாள் கேட்டாள். 'அந்த அறையிலே அடுப்பு இல்லையே, பையன் விரல் விறைத்துப் போயிருக்குமே, எப்படி எழுதினான்?' என்று."

தொகுரா பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கையுறை போட்டிருந்தேன்" என்றார் சென்செய்.

வெளியே யாரோ பனியை மண்வெட்டியால் வழித்துக்கொண்டிருந்தார்கள்.

தொகுரா சட்டென்று கோட்டை எடுத்தார். "கடைவீதியில் ஷூக்கடை இருக்கிறது. இப்போதே போய்ப் புதிதாக வாங்கி வந்து இங்கே வைத்துவிடுகிறேன்."

"கடைக்காரர் சைஸ் என்ன என்று கேட்பாரே. என்ன சொல்வாய்?"

தொகுரா கோட்டில் ஒரு கையை விட்டபடி நின்றார்.

*

அன்று மாலை தொகுரா வழக்கம்போல நகிசாவின் வீட்டுக்குப் போனார். பலகையை விரித்தார்கள். நாலு காய் வைத்ததும் கேட்டார்.

"நகிசா, உன் காலளவு என்ன?"

அவள் காயைப் பிடித்த கை அப்படியே நின்றது.

"யார் சொன்னார்கள்?"

"யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் கேட்கிறேன்."

நகிசா பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்றைக்கு நான் பயந்து ஓடவில்லை" என்றாள். "எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நான் வீட்டிலிருந்து வரும்போதுகூடப் பயப்படவில்லை. ஷூவைப் போட்டேன். விரல் மடங்கிக்கொண்டது. குதிகால் உள்ளே போகவே இல்லை. மிதித்துப் போடக் கூடாது. விருந்தாளிச் சப்பல் போட்டால் எல்லாரும் பார்ப்பார்கள். மேலே ஜன்னலில் 'வா வா' என்று கத்துகிறார்கள்."

"சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்வது? சியோரி எட்டு மாதம் கழுவியிருக்கிறாள். பேப்பரில் எல்லாம் வந்தது. எனக்கு அது பத்தவில்லை என்று எப்படிச் சொல்வது?"

"அம்மாவிடம்?"

"அம்மா அன்றைக்குச் சிவப்புப் பயறு போட்டுச் சோறு ஆக்கியிருந்தாள். நல்ல நாளில் ஆக்குகிற சோறு. நான் திரும்பி வந்ததும் ஒன்றும் கேட்காமல் அதைத் துணி போட்டு மூடினாள்."

தொகுரா காயைத் தப்பான கட்டத்தில் வைத்தார்.

"அது என் கட்டம்" என்றாள் நகிசா. "தோற்கப்போகிறீர்கள்."

"சரி, தோற்கிறேன். காலளவு?"

"தெரியாது. அளந்தே நாளாச்சு."

சுவரோரம் காலை வைக்கச் சொல்லி இரண்டு பேருமாக அளந்தார்கள். இருபத்து மூன்றரை. நகிசா ஸ்கேலை வாங்கித் தானே ஒரு தடவை அளந்து பார்த்தாள்.

*

இரவு ஊர் திரும்பிய சென்செய்க்குத் தொகுரா ஃபோன் செய்தார்.

"கண்டுபிடித்தாயிற்று. சியோரிக்குத் தெரியாமல் நான் ஷூவை மாற்றி வைத்துவிடட்டுமா? பாவம், அந்தப் பெண் இதைக் கேட்டால் ஒடிந்துபோய்விடுவாள்."

"வெள்ளிக்கிழமை வந்தால் சியோரி எதைக் கழுவுவாள்?"

தொகுரா ஃபோனை மறு காதுக்கு மாற்றினார்.

"அவள் கழுவியது பொய்யா?" என்றார் சென்செய்.

"இல்லை."

"பிறகு எதை மறைக்கப் பார்க்கிறாய்?"

மறுநாள் தொகுராவின் வேலை நாள் இல்லை. ஆனாலும் சாப்பாட்டு இடைவேளையில் போனார். வகுப்பாசிரியை நிஷினோவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சியோரியிடம் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை சியோரி தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் தேய்த்துத் தேய்த்துச் சுருங்கிவிட்டதா?"

"இல்லையம்மா. அவள் கால் வளர்ந்துவிட்டது."

"எனக்கு இந்த வருடம் இரண்டு தடவை மாற்றினார்கள்" என்றாள் சியோரி. "எனக்கு வளர்ந்தது. அவளுக்கும் வளரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை."

"எனக்கும் தோன்றவில்லை" என்றார் தொகுரா.

"நீங்கள் விஞ்ஞான வாத்தியாராக இருந்தவர் என்று அம்மா சொன்னாளே."

நிஷினோ வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சியோரியும் சிரித்தாள், அப்புறம் அழுதாள், அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அந்த ஷூவை நானே கொண்டுபோய் அவளிடம் கொடுக்கட்டுமா?" என்று கேட்டாள்.

சனிக்கிழமை அவள் அந்தப் பழைய ஷூவை எடுத்துக்கொண்டு நகிசாவின் வீட்டுக்குப் போனாள். கதவு திறந்ததும் என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு பேரும் பனியில் நடந்து ஷூக்கடைக்குப் போனதை மட்டும் நகிசாவின் அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். திரும்பி வந்தபோது நகிசாவின் கையில் புது ஷூப்பெட்டி இருந்தது. பழைய ஷூவைச் சியோரியிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. தானே வைத்துக்கொண்டாள்.

*

ஞாயிற்றுக்கிழமை தொகுரா சென்செய்யிடம் சொன்னார்.

"நாளைக்கு வருகிறாள். நான் காலையிலேயே போய் வாசலில் நிற்கப்போகிறேன்."

"நாளைக்கு என்ன கிழமை?"

"திங்கள்."

"உன் நாள் புதன்."

"ஆனால், சென்செய்..."

"ஜன்னலில் நாற்பது பேர் நின்றது போதாதா? நிஷினோ இருக்கிறாள். மருத்துவ அறையில் நர்ஸம்மா இருக்கிறாள். வீட்டில் இரு."

திங்கட்கிழமை காலை தொகுரா வீட்டில் இருந்தார். ஒரு வேலையும் ஓடவில்லை. அரிசியைக் களைந்து வைத்துவிட்டுக் குக்கரை மூட மறந்தார். ஏழே முக்காலுக்கு ஒரு தடவை, எட்டு மணிக்கு ஒரு தடவை ஃபோனை எடுத்துப் பார்த்தார். எட்டே முக்காலுக்கு அடித்தது.

நிஷினோதான்.

"என்ன ஆயிற்று?"

"கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். வெளியே வந்து பேசுகிறேன்."

"நகிசா?"

"திங்கட்கிழமை அல்லவா? எல்லாப் பிள்ளையும் கையில் ஷூப்பையோடுதான் வந்தது. அவளும் ஷூப்பையோடு வந்தாள். கூட்டத்தில் அவள் எங்கே என்று எனக்கே தெரியவில்லை."

"ஜன்னலில்?"

"யாரும் நிற்கவில்லை. பின்னச் சுருக்கம் என்று பத்துக் கணக்குப் போட்டிருந்தேன். நிமிர நேரமில்லை."

"இப்போது எங்கே இருக்கிறாள்?"

"மருத்துவ அறையில். நர்ஸம்மாவோடு கட்டுத்துணி மடிக்கிறாள். மூன்றாம் பாடத்துக்கு வகுப்புக்கு வரலாமா என்று கேட்டிருக்கிறாள். வைக்கிறேன், பையன்கள் சத்தம் போடுகிறார்கள்."

தொகுரா ஃபோனை வைத்துவிட்டு அடுக்களையில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

செவ்வாய்க்கிழமை நகிசா வரவில்லை. புதன்கிழமை வந்தாள். வியாழன் பாதி நாள். அடுத்த வாரம் ஒரு நாள் தவிர எல்லா நாளும் வந்தாள். வெள்ளிக்கிழமை தன் ஷூவைத் தானே பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போனாள்.

*

பட்டமளிப்புக்கு மூன்று நாள் முன்னால் தொகுரா சென்செய்யின் வீட்டுக்குப் போனார். மாவட்ட அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டிய படிவம் கையில் இருந்தது. நடுநிலைப் பள்ளி ஆலோசகருக்குப் போகிற படிவமும் அதுதான். சென்செய் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஒரு கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது" என்றார் தொகுரா. "வராததற்குக் காரணம்."

"முன்னால் என்ன எழுதியிருந்தாய்?"

"பதற்றம். அதை அடித்துவிட்டேன். ஓட்டக் கட்டை என்று எழுதலாம். அதுவும் உண்மை. வயிற்று வலி, அதுவும் உண்மை. ஷூ என்று எழுதினால் அலுவலகத்தில் சிரிப்பார்கள். 'ஷூ டாக்டர் அம்மாவின் சிஷ்யன்' என்பார்கள்."

"சிரிக்கட்டும். கட்டம் எவ்வளவு பெரிசு?"

"இரண்டு விரல் அகலம்."

"போதும். காலளவை எழுது."

தொகுரா எழுதினார். இருபத்து மூன்றரை. படிவத்தை மூடப்போனார்.

சென்செய் ஈரக்கையை இடுப்பில் கட்டிய துணியில் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"பக்கத்திலே தேதி போடு" என்றார். "நடுநிலைப் பள்ளியில் இருப்பவர் மறுபடியும் கேட்க வேண்டும்."